முழுமைத் திட்டத்தில் முதலில் வாய்க்காலை வரையுங்கள்: கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் கருத்து சொல்லவும்

அரசலாற்றங்கரை, கும்பகோணம்:

வணக்கம். நம் பக்கத்து நகரங்களுக்கு முழுமைத் திட்டம் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் விவாதம் ஒரே தடத்தில்தான் போகிறது. புறவழிச்சாலை எந்தப் பக்கம், பேருந்து நிலையம் எங்கே, எந்த ஊராட்சி மாநகராட்சியில் சேரும், மனை விலை எங்கே ஏறும். இன்னும் இருபது வருஷத்துக்கு ஊர் எப்படி இருக்கவேண்டும் என்று சட்டப்படி எழுதிவைக்கிற ஆவணம் அது. அதில் தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். டெல்டாவில் முழுமைத் திட்டத்தின் முதல் வரைபடம் வாய்க்கால் வரைபடமாக இருக்கவேண்டும். பாசன வாய்க்கால், வடிகால், குளத்துக்கு வரத்துக்கால், போக்குக்கால் எல்லாம் சர்வே எண்ணோடு வரைந்து முடித்த பிறகுதான் சாலையையும் குடியிருப்பையும் பற்றிப் பேசவேண்டும்.

ஊருக்குத் தெற்கே ஒரு மனைப்பிரிவு. எந்த இடம் என்று சொல்லவில்லை, எல்லாப் பக்கமும் இதே கதைதான். முன்பு அங்கே பத்துப் பன்னிரண்டடி அகலத்தில் வாய்க்கால் ஓடியது. ஒரு கரையில் ஆள் நடக்கலாம், மறு கரையில் பூவரசு. மனைப்பிரிவுக்கு நுழைவுச் சாலை வேண்டும் என்று அதன்மேல் மண்ணைக் கொட்டி, அடியில் ஒரே ஒரு சிமென்ட் குழாயைப் புதைத்தார்கள். குழாயின் வாயில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் வந்து அடைத்துக்கொள்கின்றன. ஐப்பசி மழையில் குழாய்க்கு மேற்கே சம்பா நடவு முழுகிக் கிடக்கிறது, கிழக்கே வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. மனை வாங்கியவர் வீட்டு வாசலிலும் முழங்கால் தண்ணீர். இதில் யாரும் விதியை மீறவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவுதான் அது.

நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏ வாய்க்கால் (ஆற்றிலிருந்து பிரிவது), பி வாய்க்கால் (அதிலிருந்து பிரியும் கிளை) எல்லாம் புறம்போக்காகப் பதிவில் இருக்கும், சர்வே எண்ணுக்கு உரிய அளவை வரைபடமான புலப்படத்திலும் தெரியும். ஆனால் பட்டா நிலத்துக்குள் வயலுக்கு வயல் ஓடுகிற சின்ன வாய்க்காலான கன்னி வாய்க்காலுக்குப் பெரும்பாலும் தனி உட்பிரிவு கிடையாது. மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். மேல் வயல் கைமாறி மனையானதும் அந்த வாய்க்கால் பதிவேட்டின் கண்ணில் இருந்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது. கீழ் வயல்காரர் எந்த அலுவலகத்துக்குப் போய் எதைக் காட்டி முறையிடுவார்?

வெண்ணாற்றுப் பாசனம்:

அண்ணே, எங்கள் வயலைப் பார்த்துவிட்டு எழுதியது மாதிரி இருக்கிறது. தண்ணீர் வரவில்லை என்ற கவலை எங்கள் அப்பா காலத்துக் கவலை. இப்போது வந்த தண்ணீர் வடியவில்லை என்பதுதான் பெரிய பாடு. ஜூன் 12ல் மேட்டூர் திறந்தார்களா என்று பார்த்திருப்போம், திறந்தால் சந்தோஷப்படுவோம். கார்த்திகையில் அதே வயலில் டீசல் இன்ஜினை வாடகைக்கு வைத்து இரவெல்லாம் இறைத்துக்கொண்டிருப்போம். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? பக்கத்து வடிகாலும் நிரம்பித்தான் கிடக்கும். அங்கேதான் அண்ணன் தம்பிக்குள் சண்டை வருகிறது.

ஒரு சந்தேகம். நம் மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்களே. அது இருக்கும்போது வயலை எப்படி மனையாக்க முடிகிறது?

திட்டமாணவி:

ஐயா, அந்தச் சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் அதில் அடக்கம். மயிலாடுதுறை அப்போது நாகை மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டம் தடுப்பது அதன் அட்டவணையில் உள்ள தொழில்களை மட்டும்தான். எண்ணெய், எரிவாயு ஆய்வு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு, துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலைகள், இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், இப்படி. புதிதாக அவற்றைத் தொடங்க முடியாது, நல்லதுதான். ஆனால் மனைப்பிரிவு அந்த அட்டவணையில் இல்லை. சாலை, மின்சாரம், குடிநீர் போன்ற கட்டமைப்புப் பணிகளையும் அது தடுக்காது.

அதனால் நகரத்தை ஒட்டிய வயலுக்கு உண்மையான காவல் முழுமைத் திட்டம்தான். 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி உள்ளூர் திட்டக் குழுமம் அதைத் தயாரிக்கிறது. எந்த சர்வே எண் குடியிருப்பு, எது விவசாயம் என்று அதில் வரும். மஞ்சள் பூசினால் வீடு, பச்சை பூசினால் வயல். பச்சையை மஞ்சளாக்க நில வகைப்பாடு மாற்றம் கேட்டுத் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். அப்படித் துண்டு துண்டாக மாறுவதில்தான் பெரிய ஆபத்து. ஒவ்வொரு கோப்பும் அந்த ஒரு நிலத்தை மட்டும் பார்க்கும். அதன் வழியாக எத்தனை பேர் வயலுக்குத் தண்ணீர் போகிறது என்று பார்க்காது.

கொத்தனார் மகன்:

எல்லோரும் வயல் பக்கமே பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் நான் சொல்கிறேன். சின்ன அளவில் வீடு கட்டித் தருகிற தொழில் எனக்கு. என்னிடம் வருகிறவர்கள் யார் தெரியுமா? கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் வேலை பார்ப்பவர், திருபுவனத்தில் பட்டு நெய்கிறவர், சிங்கப்பூரில் உழைத்துப் பணம் அனுப்புகிற பிள்ளையின் அம்மா. ஊருக்குள் அரை கிரவுண்டு வாங்க அவர்களால் முடியாது. வெளியே போனால்தான் கட்டுபடியாகும். வெளியே எல்லாம் நஞ்சை. அவர்கள் எங்கே போவார்கள்?

இன்னொன்று. 2016ல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அதற்கு முன்பு வாங்கியவர்களுக்கு 2017ல் வரன்முறைப்படுத்தும் விதி வந்தது. 2016 அக்டோபர் 20 என்பது கெடு நாள். அதற்குள் வாங்கிப் போட்டவர்கள் பாதிப் பேர் இன்னும் கட்டணம் கட்ட அலைகிறார்கள். வாங்கியது தப்பு என்று யாரும் அவர்களிடம் அப்போது சொல்லவில்லை. இந்தத் திட்டத்தில் அந்த மனைகளை எல்லாம் பச்சையில் தள்ளிவிட்டால் அவர்கள் கதி என்ன?

அரசலாற்றங்கரை:

தம்பி, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. குடியேறிவிட்ட மனையைப் பிடுங்கச் சொல்லவில்லை. அங்கே வடிகால் கொடுங்கள் என்கிறேன். இனிமேல் வருவது வாய்க்காலைக் கொல்லாமல் வரட்டும் என்கிறேன்.

இன்னொரு கொடுமையும் உண்டு. வாய்க்காலை ஒட்டிய மனைக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அதில் பெரும்பாலும் வருகிற நிபந்தனை, தரையை இவ்வளவு உயர்த்திக்கொள் என்பது. உயர்த்தினால் அந்த மனை தப்பும். அதன்மேல் நின்றிருக்கவேண்டிய தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துத் தெருவுக்குத்தான். அடுத்த மனைக்காரர் அதைவிட ஓரடி உயர்த்துவார். பழைய தெருவில் இருப்பவர் வீட்டுப் படி ஒவ்வொன்றாகச் சாலைக்குள் இறங்கிக்கொண்டே வருகிறது. எங்கள் தெருவில் திண்ணை இருந்த வீட்டுக்கு இப்போது இறங்கித்தான் போகவேண்டும்.

புதுஆறு_தஞ்சை:

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கும் கும்பகோணத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதைத் திட்டம் போடுகிறவர்கள் கவனிக்கவேண்டும்.

தஞ்சாவூர் டெல்டாவின் விளிம்பில் நிற்கிற ஊர். வடக்கிலும் கிழக்கிலும் வெண்ணாறு, வடவாறு பாய்கிற நஞ்சை. தெற்கிலும் தென்மேற்கிலும் வல்லம் பக்கம் செம்மண் மேடு. 1934ல் முடித்த கல்லணைக் கால்வாய், நாங்கள் புது ஆறு என்பது, ஊர் நடுவே ஓடுகிறது. அந்த மேட்டு நிலத்தை ஒட்டித் தண்ணீர் கொண்டுபோகத்தான் அதை அவ்வளவு உயரமாக வெட்டினார்கள். மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம், புதிய பேருந்து நிலையம் எல்லாம் இந்தப் பக்கம் போனது ஊருக்கு நல்லதாகவே அமைந்தது. புதிய திட்டத்தில் வீடு, தொழில், கல்லூரி எல்லாவற்றையும் தென்மேற்கு மேட்டுக்கே தள்ளவேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கப்போகிறேன். வடவாற்றுக்கு வடக்கே உள்ள நஞ்சையைத் தொடவேண்டாம்.

மேட்டிலும் கவனம் வேண்டும். அங்கே பெய்கிற மழை ஏரிகளுக்கு வந்து சேரும் நிலம் அது. பழைய காலத்தில் சேவப்பநாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கி, தெளிந்த தண்ணீரை சிவகங்கைக் குளத்துக்கு விட்டு, அங்கிருந்து நிலத்தடி வழியாக ஊருக்குள் உள்ள குளங்களுக்கும் கிணறுகளுக்கும் கொண்டுபோனார்கள். ஜலசூத்திரம் என்பார்கள். சீர்மிகு நகரத் திட்டத்தில் ஐயன்குளத்தையும் சாமந்தான்குளத்தையும் சீரமைத்தார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டால் மட்டும் போதாது, அதற்குத் தண்ணீர் வரும் வழியும் திட்டத்தில் கோடாக ஏறவேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் வைத்து நிரப்பவேண்டியதாகிவிடும்.

மாயவரத்துக்காரி:

திருவாரூர்க் கோயிலைச் சொல்லும்போது பெரியவர்கள் கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி என்பார்கள். கோயிலுக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் கமலாலயத்துக்கும் செங்கழுநீர் ஓடைக்கும். அப்படிச் சரிசமமாகக் கணக்குப் போட்டவர்களின் ஊரில்தான் நாம் குளத்துக்குப் போகிற ஓடையின்மேல் கடை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். திட்டத்தில் பாதாளச் சாக்கடையையும் மழைநீர் வடிகாலையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்துவிட்டு, மழைக்காலத்தில் சாக்கடை ஆளிறங்கு குழி வழியாகத் தெருவில் பொங்குவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

திட்டமாணவி:

கும்பகோணம் நண்பர்கள் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கும்பகோணம் நகராட்சியில் 1,40,156 பேர். 2001லும் ஏறக்குறைய 1,40,000தான். பத்து வருஷத்தில் ஊர் வளரவில்லை என்று அர்த்தமா? இல்லை. நகராட்சிக் கோட்டுக்கு வெளியே ஊராட்சிகளில் வளர்ந்தது. தஞ்சாவூரிலும் அதே கதை, 2011ல் 2,22,943. 2021ல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இன்றைக்குத் திட்டம் போடுகிறவர் கையில் இருப்பது இந்தப் பழைய எண்ணும் அதிலிருந்து நீட்டிப் போட்ட மதிப்பீடும்தான். அதனால் திட்டப் பகுதியின் எல்லை எது என்று முதலில் கேளுங்கள். கும்பகோணம் 2021ல் மாநகராட்சியானது. வீடுகள் உண்மையில் எழும்புகிற ஊராட்சிகள் திட்ட எல்லைக்குள் வராவிட்டால், மற்ற எதைச் சரியாக எழுதினாலும் வீண்.

எல்லையை எப்படி முடிவுசெய்வது என்று என்னைக் கேட்டால், வாய்க்காலின் தலைமதகிலிருந்து அது வடியும் இடம்வரை ஒரே திட்டத்துக்குள் இருக்கட்டும் என்பேன். வருவாய்க் கிராம எல்லையைப் பார்த்து மட்டும் வெட்டினால் மதகு ஒரு திட்டத்திலும் வடிகால் இன்னொன்றிலும் போய் மாட்டிக்கொள்ளும்.

கொத்தனார் மகன்:

சரி, வெளியே போகக்கூடாது என்றால் ஊருக்குள்ளேயே மேலே கட்டுவோம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே? பெரிய கடைத் தெருவுக்குப் பின்னால் உள்ள சந்துகளைப் போய்ப் பாருங்கள். இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டும். வீடு நாலடி அகலத்தில் ஆரம்பித்து அந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும். அதற்கு மேல் மூன்று மாடிக்கு அனுமதி கேட்டால் சாலை அகலம் போதாது என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரிதான். தாராசுரம் கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டவே கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். அதையும் ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கோயில் நமக்கு வேண்டும்.

இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பகுதி அடிமனை, அதாவது வீடு குடியிருப்பவருடையது, அடியில் உள்ள மனை கோயிலுடையது அல்லது மடத்துடையது. மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் பகுதி என்ற மனை வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மனை அவர்கள் பெயரில் இல்லை, வங்கி கடன் தராது, வரைபட அனுமதிக்கு இன்னொருவர் சம்மதம் வேண்டும். கூரை ஒழுகினாலும் பழுது பார்க்க யோசிக்கிறார்கள். முழுமைத் திட்டத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரியாவது வருமா?

திட்டமாணவி:

அண்ணா, அடிமனைப் பிரச்சினையை நிலப் பயன்பாட்டு வரைபடம் தீர்க்காது, அது வேறு சட்டம், வேறு துறை. ஆனால் திட்ட அறிக்கையில் வீட்டு வசதி பற்றி ஒரு பகுதி வரும். அடிமனையில் எத்தனை குடும்பம், எந்த நிலையில் உள்ள வீடு என்று கணக்கெடுக்கச் சொல்லி அங்கே கேட்கலாம், கேட்கவேண்டும்.

சந்துகளைப் பற்றி. 2004 ஜூலை 16ஐ நம் ஊரில் யாரும் மறக்கமுடியாது. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போனார்கள். ஒடுங்கிய கட்டடம், கீற்றுக் கூரை, தப்பிக்க வழியில்லாத படி. அதன்பிறகு பள்ளிக் கட்டட விதிகள் இறுகின. அதே கவனம் தெருவுக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெரு எது என்று வரைந்து, அங்கே உயரத்தை அனுமதிக்காமல், அகலமான வீதிகளில் மட்டும் உயர அனுமதிக்கலாம். அப்படி ஒரு வரைபடம் இருந்தால் எங்கே மேலே கட்டலாம் என்ற உங்கள் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயம், வீட்டுக்காரர்கள் கட்டாயம் படிக்கவேண்டியது. பழைய திட்டங்களில் உங்கள் வீட்டின்மேல் ஒரு சாலைக் கோடு போயிருக்கும். பத்து, இருபது வருஷம் ஆகியும் சாலை வராது, நிலத்தையும் எடுக்கமாட்டார்கள், உங்களுக்கு வரைபட அனுமதியும் கிடைக்காது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவைப் பாருங்கள். திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழில் வந்த மூன்று வருஷத்துக்குள் நிலத்தை எடுக்கும் அறிவிப்போ, பேசி வாங்குவதோ நடக்காவிட்டால் அந்த நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் இதை ஏற்றிருக்கிறது.

புதுஆறு_தஞ்சை:

38ஆம் பிரிவு பற்றி எனக்கு அனுபவம் உண்டு. அப்பா கட்டிய வீட்டின் பின்பக்கம் முப்பதடிச் சாலை என்று பழைய விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் ஒரு கோடு. மாடி கட்ட அனுமதி கேட்டபோது அலுவலகம் ஒன்றில் அந்தக் கோட்டைக் காட்டித் திருப்பினார்கள். வழக்கறிஞர் இந்தப் பிரிவைக் காட்டித்தான் வழி பிறந்தது. அதற்குள் அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாத வயசாகிவிட்டது.

வாங்கப் பணம் இல்லாத சாலையைக் காகிதத்தில் வரைவதால் சாலையும் வருவதில்லை, வீடும் வருவதில்லை. வாய்க்காலுக்கும் இது பொருந்தும் என்பதை அரசலாற்றங்கரை ஐயா யோசிக்கவேண்டும். பட்டா நிலத்தில் கன்னி வாய்க்காலை வரைந்துவிட்டு யாரும் வாங்காவிட்டால், மூன்று வருஷம் கழித்து அதுவும் விடுபட்டுவிடாதா?

அரசலாற்றங்கரை:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அதனால்தான் கன்னி வாய்க்காலை நில ஒதுக்கீடாகக் கேட்கக்கூடாது, விதியாகக் கேட்கவேண்டும். நிலம் பட்டாதாரருடையதாகவே இருக்கட்டும். விவசாயமாக இருக்கும்வரை அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. மனைப்பிரிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் மட்டும் அந்த விதி உயிர்பெறவேண்டும். பதிவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அனுபவத்தில் தண்ணீர் ஓடுகிற எந்த வாய்க்காலுக்கும் அதே அகலத்தில், திறந்த வாய்க்காலாக, மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சி காட்டினால்தான் அங்கீகாரம். குழாய் கூடாது.

மனை போடுகிறவருக்கு இதில் நஷ்டம் இல்லை. 2019 கட்டட விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை நீங்கலாக 10 சதவீதம் திறந்தவெளி விடவேண்டும், 10,000 வரை அதற்குப் பதில் பணம் கட்டலாம். அந்தத் திறந்தவெளியை மூலையில் ஒரு முக்கோணத் துண்டாக ஒதுக்குகிறார்கள், அதில் புல் கூட முளைப்பதில்லை. அதையே வாய்க்கால் கரையாக நீளவாக்கில் கொடுக்கச் சொல்லுங்கள். பணமாக வாங்குவதை டெல்டாவில் நிறுத்துங்கள். கரையில் ஜேசிபி போகும் அகலம் இருந்தால் தூர்வாரவும் வழி உண்டு. இப்போது வீட்டுச் சுவர் வாய்க்காலுக்குள் நிற்பதால், தூர்வார வருகிற இயந்திரம் பாதியில் திரும்பிப்போவதைப் பார்க்கிறோம்.

தஞ்சாவூருக்கு மேடு இருக்கிறது என்றீர்கள். கும்பகோணத்துக்கு அந்த வசதி இல்லை. நாலு பக்கமும் நஞ்சை. ஆனால் கிராமத்து வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நத்தம் எங்கே இருக்கிறது? திடலில். பழைய ஆட்கள் மேடான திடலில் குடியிருந்து, பள்ளத்தை வயலுக்கு விட்டார்கள். நத்தத்தை ஒட்டிய கொல்லை, திடல், தோப்பு, இவற்றை முதலில் குடியிருப்புக்குக் கொடுக்கட்டும். ஒரே இடத்தில் ஐம்பது ஏக்கரை மஞ்சளாக்குவதைவிட, சுற்றுக் கிராமங்களின் நத்தத்தைச் சுற்றி இரண்டு மூன்று ஏக்கராக வளரவிடுவது நல்லது. கொத்தனார் மகன் தம்பியிடம் வருகிற பட்டு நெசவுக்காரருக்கும் அது கட்டுபடியாகும்.

வெண்ணாற்றுப் பாசனம்:

எல்லாம் நல்ல யோசனை. ஆனால் ஒரு விவசாயியாக மனதில் இருப்பதைச் சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை.

எனக்கு இரண்டு வேலிக்குக் குறைவுதான். சாலையோரமாக ஐந்து மா (ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட்). அந்த ஐந்து மாவைப் பச்சையாக்கினால், பக்கத்து மஞ்சள் நிலத்துக்காரர் சென்ட் கணக்கில் விற்பார், நான் மாக் கணக்கில் விற்பேன். இருவர் நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான். ஊருக்கே சோறு போட, ஊரே வெள்ளத்தில் முழுகாமல் இருக்க என் நிலம் பள்ளமாகக் கிடந்து தண்ணீரைத் தாங்கவேண்டும் என்றால், அந்தப் பாரத்தை நான் ஒருவன் ஏன் சுமக்கவேண்டும்? மகள் கல்யாணமும் ஆஸ்பத்திரிச் செலவும் எனக்கும்தான் வருகிறது.

காகிதத்தில் கோடு போட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2017ல் கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமங்களைப் பெட்ரோ கெமிக்கல் மண்டலம் என்று அறிவித்தார்கள். 2020ல் கைவிட்டார்கள். நடுவில் அந்த ஊர்க்காரர்கள் நிலத்தை விற்கவும் பயந்து, வைத்திருக்கவும் பயந்து பட்டபாடு கொஞ்சமில்லை. அதனால் பச்சை என்றாலும் எனக்குப் பயம், மஞ்சள் என்றாலும் பயம்.

மாயவரத்துக்காரி:

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாய்க்கால் வரைபடம் போட்டால் எந்த விவசாயியும் நம் பக்கம் நிற்கமாட்டார். நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையில்லை.

திட்டமாணவி:

ஐயா கேட்டதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. இருக்கும் இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, நிலத் தொகுப்பு. குஜராத்தில் நகர்த் திட்டம் என்ற பெயரில் நெடுங்காலமாக நடக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இப்போது இடம் உண்டு. ஒரு பகுதியின் நிலக்காரர்கள் எல்லோரும் நிலத்தை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சாலை, வாய்க்கால், பூங்காவுக்கு ஒரு பங்கு போகிறது, மீதியை ஒழுங்கான மனைகளாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். ஒருவர் நிலத்தில் மட்டும் வாய்க்கால், இன்னொருவர் நிலத்தில் மட்டும் லாபம் என்பது அதில் வராது. ஆனால் அது வீடாக மாறப்போகிற இடத்துக்குத்தான் உதவும். வயலாகவே இருக்கப்போகிற இடத்துக்கு உதவாது.

மற்றொன்று, வளர்ச்சி உரிமை மாற்றம். சாலை அகலப்படுத்த நிலம் கொடுத்தவருக்குச் சான்று தருகிறார்கள், அவர் அதை வேறிடத்தில் கூடுதலாகக் கட்டுகிறவருக்கு விற்கலாம். இதை வெள்ளம் தாங்குகிற நஞ்சைக்கும் நீட்டச் சொல்லலாம். ஊருக்குள் அகலமான வீதியில் கூடுதல் மாடி கட்டுகிறவர், வெளியே பச்சையாக நிற்கிற ஐயாவின் ஐந்து மாவுக்குப் பணம் கொடுப்பார். இன்றைய விதியில் இது இல்லை. கேட்டால்தான் வரும்.

கொத்தனார் மகன்:

கூடுதல் மாடிக்கு நான் அரசுக்குக் கட்டணம் கட்டுவதற்குப் பதில் அந்தப் பணம் விவசாயிக்குப் போகும் என்றால் எனக்குச் சம்மதமே. எங்கே கட்டினாலும் கட்டத்தான் போகிறேன். என்னிடம் வீடு வாங்குகிறவரிடமும் இதைச் சொல்லமுடியும்.

நெறியாளர்:

நல்ல விவாதம். குறிப்பிட்ட மனைப்பிரிவு, அலுவலர், நிறுவனம் பெயர்களை இழுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆட்சேபணை மனுவுக்கு உதவும் வகையில் யாராவது வரைவு போட்டால் முகப்பில் ஒட்டிவைக்கிறேன்.

திட்டமாணவி:

மனு பற்றிச் சில குறிப்புகள். வரைவுத் திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழிலும் வரும். 26ஆவது பிரிவுப்படி ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், நிலக்காரராக இருக்கவேண்டியதில்லை. நேரில் சொல்ல விரும்புகிறேன் என்று மனுவிலேயே ஒரு வரி சேருங்கள். அப்படிக் கேட்டவருக்கு அவர்கள் வாய்ப்புத் தந்தாகவேண்டும். இந்த வரியை விட்டுவிடுவதால்தான் பலருக்கு அழைப்பே வருவதில்லை.

கோபத்தை எழுதாதீர்கள், சர்வே எண்ணை எழுதுங்கள். சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேட்டின் நகலும் புலப்படமும் வருவாய்த் துறை இணையதளத்தில் எடுக்கலாம். புலப்படத்தில் இல்லாத வாய்க்காலைச் சிவப்புப் பேனாவால் வரைந்து, மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும்போது எடுத்த படத்தை இணையுங்கள். அதனால் பயன்பெறும் வயல்காரர்கள் எல்லோரும் தங்கள் சர்வே எண்ணோடு கையெழுத்துப் போடட்டும். பத்துப் பேர் பத்து மனு கொடுப்பதும் நல்லது. ஒரே நகலில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அதை ஒரே மனுவாகக் கணக்கில் எடுத்துவிடுவார்கள், அவரவர் இடத்தைப் பற்றி எழுதுங்கள்.

அரசலாற்றங்கரை:

வரைவு போட்டுவிட்டேன், திருத்துங்கள்.

"திட்டப் பகுதிக்குள் உள்ள பாசன வாய்க்கால், வடிகால், குளங்களின் வரத்து, போக்கு வழிகள் அனைத்தையும், பதிவேட்டில் உள்ளவை, அனுபவத்தில் உள்ளவை இரண்டையும் சேர்த்து, நீர்வளத் துறை, வேளாண் துறை, நில அளவைத் துறை கூட்டாகக் களத்தில் அளந்து, நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு முன்பாகத் தனி வரைபடமாக வெளியிடவேண்டும். எந்த மனைப்பிரிவும் இவ்வழிகளைத் திறந்த நிலையில், குறையாத அகலத்தில், தொடர்ச்சியாகக் காட்டினாலன்றி அங்கீகரிக்கக் கூடாது. திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் வாய்க்கால் கரையை ஒட்டி அமையவேண்டும். தடையின்மைச் சான்றில் தரையை உயர்த்தும் நிபந்தனை விதிக்கும்போது, அதனால் தள்ளப்படும் நீர் வடியும் வழியையும் அதே சான்றில் குறிப்பிடவேண்டும். வெள்ளம் தாங்கும் நஞ்சையை விவசாயப் பகுதியாக வகைப்படுத்தும்போது, அதன் உடைமையாளருக்கு வளர்ச்சி உரிமைச் சான்று வழங்க விதி செய்யவேண்டும்."

மகாமகம் 2028ல் வருகிறது. அதற்காகச் சாலை, பாலம் எல்லாம் அவசர அவசரமாக வரும். வாய்க்கால்மேல் தற்காலிகமாகப் போடுகிற மண் நிரந்தரமாகிவிடக்கூடாது என்று ஒரு வரி கும்பகோணத்துக்காரர்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாயவரத்துக்காரி:

சாக்கடையும் மழைநீர் வடிகாலும் தனித்தனி வரைபடம் என்பதை விட்டுவிட்டீர்களே ஐயா.

அரசலாற்றங்கரை:

சேர்த்துவிட்டேன் அம்மா. இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு வரும்.

வெண்ணாற்றுப் பாசனம்:

அண்ணே, இப்போது சேர்த்ததோடு முதல் ஐந்து வாக்கியத்துக்கும் எங்கள் பக்கத்து வயல்காரர்களிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன். கடைசி வாக்கியத்தில் ஒன்று மாற்றவேண்டும். உரிமைச் சான்று வந்த பிறகுதான் பச்சையாக வகைப்படுத்தவேண்டும் என்று எழுதுங்கள். முதலில் பச்சை, பிறகு விதி என்றால் என் பேரன் காலத்தில்தான் சான்று வரும். அப்படி மாற்றாவிட்டால் அந்த வாக்கியத்துக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அரசலாற்றங்கரை:

அதற்கு நான் சம்மதிக்க முடியாது தம்பி. விதி வரும்வரை காத்திருந்தால் அதற்குள் பாதி வயல் மனையாகிவிடும். இருவர் கருத்தையும் தனித்தனி மனுவாகக் கொடுப்போம். வாய்க்கால் மனு பொதுவாக இருக்கட்டும், பச்சை வகைப்பாடு பற்றி நீங்கள் ஒன்று எழுதுங்கள், நான் ஒன்று எழுதுகிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே பேருந்தில் போவோம்.

வெண்ணாற்றுப் பாசனம்:

சரி அண்ணே. புலப்படம் எடுக்க உட்பிரிவு எண் எல்லாம் நாளைக்கு அனுப்புகிறேன். கன்னி வாய்க்கால் இரண்டு இடத்தில் திரும்புகிறது, நீங்கள் நேரில் வந்து அளந்தால்தான் சரியாக இருக்கும்.